பதினெட்டுக்கு ஒன்றரை

எங்கள் தகப்பனார் காலமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. கோவில்பட்டிக்குக் கிழக்கே பதினோரு ஏக்கர் கரிசல், ஒரு தகரக் கொட்டகை, ஓர் எச்.எம்.டி. 3511 டிராக்டர், சட்டைப்பைக்குள் அடங்கும் ஏழு குறிப்பேடுகள். அண்ணன் தம்பிகளான எங்கள் இருவருக்கும் அவர் விட்டுச்சென்றவை இவைதாம். ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் போதிக்கும் வேலை, மற்றவருக்கு வங்கியில் உத்தியோகம். குறிப்பேடுகளை ஆசையோடு எடுத்து வந்து வரிவரியாகப் படித்தோம். டிராக்டரைப் படிக்க எங்களுக்குத் தெரியாது.

குறிப்பேடு ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: "18 - 1½. அரை - 14. வா. மறக்கக் கூடாது." பதினெட்டாயிரத்துக்கு ஒன்றரை வட்டி என்று ஒருவர் பொருள் கொண்டோம். அரை என்பது அரை ஏக்கர், வா. என்பது வாய்தா என்று மற்றவர் உரை எழுதினோம். யாருக்கோ கடன் பாக்கி நிற்கிறதோ என்ற கலக்கத்தில் அம்மாவிடம் கேட்டபோது, "அவுக ஒரு பைசா கடன் வச்சிட்டுப் போகல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பழம்பாடல்களுக்கே ஆளுக்கொரு பாடம் சொல்லி வாதிடுகிறவர்கள் நாங்கள். இந்த வரியை மட்டும் பொருள் விளங்காத வரி என்று ஒதுக்கிவைத்தோம்.

சென்ற ஆண்டு ஐப்பசி முதல் வாரத்தில் நல்ல மழை. கரிசலில் மழை விழுந்த கையோடு சக்கரம் இறங்காது. மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். அதன் பிறகு வருவதுதான் பதம். வெயில் உறைத்தால் அது நாலைந்து நாளுக்கு மேல் நிற்காது. அந்த இடைவெளிக்குள் உழுது மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்தாக வேண்டும். முதல் நாள் காலையில் டிரைவர் அண்ணன் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி லிஃப்டைத் தூக்கினார். கலப்பை ஒரு சாண் எழும்பிற்று. பிறகு மெல்ல, பெருமூச்சு விடுவதுபோல, தரையில் அமர்ந்துவிட்டது. வண்டிக்கு அடியில் எண்ணெய் குளம் கட்டியிருந்தது.

உடைந்தது ஒரு சிறு இரும்புத் துண்டு, பெருவிரல் நீளம்கூட இராது. பல ஆண்டுகளுக்கு முன் டிப்பர் டிரெய்லர் ஒன்றை இழுப்பதற்காக, லிஃப்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயை வெட்டி நடுவே ஒரு டீயை அப்பா புகுத்தியிருந்தார். குழாயையும் டீயையும் இணைத்த அடாப்டர்தான் கழுத்தில் விண்டுபோயிருந்தது. டிரெய்லரை விற்றுப் பல காலமாகிறது. டீயைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி குழாயை மாட்டலாம் என்றால், வெட்டிய குழாய் வெட்டியதுதான். வாடகை டிராக்டருக்குச் சொல்லிப் பார்த்தோம். ஊரே உழுதுகொண்டிருந்தது; எங்கள் முறை வர எட்டு நாளாகும் என்றார்கள்.

இந்த எச்.எம்.டி.யைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கைக்கடிகாரம் செய்த அதே அரசு நிறுவனந்தான். செக்கோஸ்லோவாகியாவின் செட்டார் டிராக்டரை அடியொற்றி, ஹரியானாவில் உள்ள பிஞ்ஜோரில் 1971இல் டிராக்டர் செய்யத் தொடங்கியது. கடிகாரப் பிரிவு, டிராக்டர் பிரிவு இரண்டையும் மூடுவதற்கு அரசு 2016இல் முடிவெடுத்தது. அப்பாவிடம் இரண்டும் இருந்தன. கடிகாரம் இப்போதும் ஓடுகிறது. ஆகவே சாமான் கிடைக்காமற் போனதும், கம்பெனி மூடியதால்தான் இந்தத் திண்டாட்டம் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம். பிழையின் முதற்படி அது.

கோவில்பட்டியில் நான்கு கடைகள். விண்ட துண்டை ஒரு பழைய துணியில் பொதிந்து, நோயாளியின் எக்ஸ்ரே படத்தைப்போல ஒவ்வொரு மேசையிலும் வைத்துக் காட்டினோம். "எச்.எம்.டி.யா? போச்சு" என்றார் ஒருவர். திருநெல்வேலியில் பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடிப் பார்த்தார்கள். சென்னையில் இருக்கும் சித்தி மகன் லிங்கிச் செட்டித் தெருவுக்கு நேரில் போய், கடை கடையாக நின்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். எல்லாம் அதைப்போலவே இருந்தன. எதுவும் அது இல்லை. கடைக்காரர்கள் கேட்ட கேள்விகளே எங்களுக்கு விளங்கவில்லை. பி.எஸ்.பி.யா, என்.பி.டி.யா, மெட்ரிக்கா? மேலா, ஃபீமேலா? டேப்பரா, பேரலலா? கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். இந்தக் கடைத்தெருச் சொற்களுக்கும் அவரைப்போல் ஒருவர் வாய்த்திருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் நாள் மதுரையில் கிடைத்துவிட்டது, அப்படித்தான் நினைத்தோம். ஒரு பக்கம் எங்கள் குழாயில் பதமாக ஏறியது. மறு பக்கம் "அரை இஞ்ச்". கடைக்காரர், "டீயையும் கொண்டு வந்திருந்தா மாட்டிப் பாத்துரலாம்" என்றார். பார்த்தாலே தெரிகிறதே என்று பணத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். இரவில் கொட்டகை வெளிச்சத்தில் டீக்குள் திருகினோம். நாலு சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று; பிறகு இறுகிற்று. இறுகினால் நல்லதுதானே என்று இரண்டடிக் குழாயை ஸ்பேனரில் செருகி, இருவருமாகத் தொங்கினோம். வீட்டுக் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவையும் தாராளமாகச் சுற்றியிருந்தோம்.

விடியற்காலையில் கலப்பை முழங்கால் உயரம் வந்தது. அப்போது டீயின் விளிம்பிலிருந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், புகைபோல ஒரு கோடு சீறியது. எங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்க்க எங்களில் இளையவர் கை நீட்டியபோது டிரைவர் அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டியை அணைத்துவிட்டு அவர் சொன்னது: "அட்டைய நீட்டிப் பாக்கணும் தம்பி, கைய நீட்டக் கூடாது." அந்தக் குழாய்க்குள் எண்ணெய் நிற்பது சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில். ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே தெரிவது முள் குத்தியதுபோல ஒரு புள்ளி மட்டுமே. உடனே அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். கவிதையில் ஊசிமுனை என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம்.

அன்று காலை, டிராக்டரை இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அம்மா குறுக்கிடவில்லை. கொட்டகைப் பக்கம் போய், வண்டியின் இருக்கையில் போட்டிருந்த அப்பாவின் துண்டை எடுத்து மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். சம்மதம் என்பதற்கான குறிப்பா, மறுப்பா என்று கேட்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

டிரைவர் அண்ணன்தான் அந்த லேத் பட்டறைக்கு அழைத்துப்போனார். தீப்பெட்டி ஆலை இயந்திரங்களுக்கு உதிரி கடைந்து கொடுக்கும் பட்டறை. எழுபதைத் தாண்டிய அண்ணாச்சி ஒருவர். விண்ட துண்டை வாங்கி, எங்களைப் பார்க்காமல் அதை மட்டும் பார்த்தார். வெர்னியரை வைத்தார். சீப்புப்போலப் பல் பல்லாக விரியும் மரை கேஜில் ஒவ்வோர் இதழாக வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"கம்பெனி சாமான் இல்ல தம்பி இது. யாரோ லேத்துல கடைஞ்சிருக்காக. இந்தா, உளி ஓடுன கோடு தெரியுது பாருங்க. கடையில எப்படிக் கிடைக்கும்?"

"அண்ணாச்சி கடைஞ்சதா?"

"ஏன் கையி இல்ல. ஆனா நல்ல கையி."

பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "இந்தப் பக்கம் மெட்ரிக்கு, பதினெட்டுக்கு ஒன்றரை. அந்தப் பக்கம் அரை இஞ்ச் பி.எஸ்.பி., இஞ்சுக்குப் பதினாலு மரை."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினெட்டு மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. "வா. என்றால் என்ன அண்ணாச்சி?" என்று எவரோ கேட்பதுபோல் கேட்டோம். "வாஷரா இருக்கும். டவுட்டி வாஷர். பேரலல் மரை பிடிக்கிறதுக்குத்தான். எண்ணெயை அடைக்கிறது வாஷர். அதப் போடலேன்னா எவ்வளவு இறுக்குனாலும் ஒழுகும்" என்றார். எங்கள் உரை முழுவதும் அங்கே உதிர்ந்தது.

மரை கழன்றவன் என்று பிறரை ஏசுவதற்கு அன்றி அச்சொல்லை நாங்கள் பயன்படுத்தியதில்லை. அன்று மரைக்குள் ஒரு சரித்திரமே இருப்பதைக் கண்டோம். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த மரையின் பற்களுக்கு 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வகுத்ததற்கு 60 பாகை. பி.எஸ்.பி. முன்னதன் வழி, என்.பி.டி. பின்னதன் வழி. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு மரைதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று நாலு சுற்று நட்போடு போகும். என்.பி.டி. கூம்பிச் செல்வது, ஆகவே பிறகு இறுகவும் செய்யும். பாகை ஐந்து வேறுபடுவது எண்ணெய்க்குத்தான் தெரியும். அரை இஞ்ச் என்ற பெயரே ஒரு வேடிக்கை. அந்த மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். அரை அங்குலமோ 12.7தான். பழங்காலக் குழாயின் உள்விட்டத்தை வைத்து இட்ட பெயர், பொருள் மாறியபின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, அண்டை நகரங்களிலிருந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயோடு பொருந்தவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. எங்களுக்குப் பதினோரு ஏக்கர்தான்.

அண்ணாச்சியின் லேத் பழைய அங்குல லேத். அதில் மெட்ரிக் மரை வெட்டப் பல்சக்கரம் மாற்ற வேண்டும். சுவரில் ஆணியடித்துத் தொங்கிய ஒரு பெரிய சக்கரத்தைத் துணியால் துடைத்து எடுத்து வந்தார். அதற்கு 127 பற்கள். ஏன் 127? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சரியாக 127. அங்குலமும் மில்லிமீட்டரும் மிச்சமில்லாமல் சந்தித்துக்கொள்ளும் முதல் இடம் அது. இ.என்.8 அறுகோணக் கம்பியில் ஒரு துண்டு அறுத்து மாட்டினார். மெட்ரிக் பக்கம் வெட்டும்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லேத்தைப் பின்னோக்கி ஓட்டியே உளியைத் திரும்பக் கொண்டுவந்தார். நடுவில் பிடியை விட்டால் மறுபடி அதே தடத்தில் விழாதாம். ஒன்றரை மணி நேரம் பேச்சில்லை. நாங்கள் கெடுத்த டீயைப் பிடித்துப் பார்த்து, "மரை முழுசாச் சாகல" என்று ஒரு டேப்பை ஓட்டிச் சீராக்கினார். உள்ளே சிக்கியிருந்த வெள்ளை நாடாவின் நூல்களை ஊசியால் எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்தார். "இது உள்ள போயி வால்வ அடைச்சிருந்தா, அப்புறம் நான் ஒண்ணுஞ் செய்ய முடியாது." அவர் எங்களைக் கடிந்துகொண்டதென்றால் அவ்வளவே.

ஒன்று கேட்டதற்கு இரண்டு கடைந்து கொடுத்தார். சக்கரத்தை மாற்றியதுதான் வேலை. இன்னொன்றுக்கு என்ன பெரிய நேரம் என்றார். மொத்தம் எழுநூறு ரூபாய். வாஷர் எதிர்க்கடையில் பன்னிரண்டு ரூபாய்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கலப்பை எழும்பிற்று. எழும்பியது அங்கேயே நின்றது. அட்டையை நீட்டிப் பார்த்தோம், உலர்ந்தே இருந்தது. இரவு பதினொன்று வரை விளக்கு வெளிச்சத்தில் உழவு நடந்தது. மேற்கே இரண்டு ஏக்கர் மட்டும் பதம் தப்பிக் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அதை அடுத்த மழைக்கு விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் பார்த்தபோது அப்பாவின் துண்டு, துவைத்து, மறுபடியும் இருக்கையில் கிடந்தது.

மிச்ச அடாப்டரை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு வாஷரையும் சேர்த்துக் கட்டி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறோம். குறிப்பேட்டில் அப்பாவின் வரிக்குக் கீழே அண்ணாச்சியின் பட்டறை இருக்கும் தெருவை எழுதினோம். "வா." என்பதை மட்டும் "வாஷர்" என்று முழுதாக எழுதிவைத்தோம்.