மூன்று தாள்களில் ஒரு மலைச்சாலை

குண்டலுபேட்டையிலிருந்து பந்திப்பூர், மசினகுடி வழியாக ஊட்டிக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 70 கி.மீ. இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட் எனும் நிலவரைபடத் தாள்களில் அது 58ஏ/9, 58ஏ/10, 58ஏ/11 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த மூன்று தாள்களில் அடங்கிவிடுகிறது. தாளில் இரண்டு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர்.

முதல் தாளில் விளைநிலத்துக்கு மஞ்சள், ஏரிக்கு நீலம், வீடுகளுக்குச் சிவப்பு. செண்டுமல்லி பூக்கும் மாதங்களில் குண்டலுபேட்டை வயல்களும் மஞ்சளாகவே இருக்கும். இந்தப் பகுதி அடங்கிய மைசூரை 1799இல் திப்பு வீழ்ந்ததும் அளக்கத் தொடங்கியவர் காலின் மெக்கன்சி. அவருக்காக ஊர் ஊராகச் சென்று வரலாறு சேகரித்தவர் காவலி வெங்கட போரய்யா. 1803இல் அவர் இறந்த பின் தம்பி லட்சுமய்யா அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

பந்திப்பூர் இரண்டாம் தாளில் வருகிறது. மஞ்சள் மறைந்து பச்சை பரவுகிறது. சாலை தடையின்றி ஓடுவதாகத்தான் தாள் காட்டும். 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைபடும் சோதனைச்சாவடி அதில் தெரியாது.

கக்கநல்லாவில் மாநிலம் மாறுகிறது. அடுத்து மாயாற்றங்கரையில் தெப்பக்காடு, பிறகு மசினகுடி. 1932இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அணை, மின்நிலைய வேலைக்கு வந்தவர்களால் இந்த வட்டாரத்தின் குடியிருப்புகள் பெருகின. அதனால் ஒரே தாளின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஊர் வளர்ந்த கதை பிடிபடும்.

குறியீட்டுப் பட்டியலும் கவனிக்கத்தக்கது. நிலையான குடிசைக்கு ஓர் அடையாளம், தற்காலிகக் குடிசைக்கு வேறொன்று; கைவிடப்பட்ட ஊருக்கும் தனிக் குறி உண்டு. இடம்பெயர்ந்து வாழ்பவர்கள் விஷயத்தில்தான் இந்த ஏற்பாடு திணறுகிறது. மேலே, மூன்றாம் தாளில், தோடர்கள் எருமைகளுக்கு மேய்ச்சல் தேடிப் பருவத்துக்கேற்ப மந்து (தோடர் குடியிருப்பு) விட்டு மந்து மாறியவர்கள். அளவையாளர் வந்த மாதத்தில் ஆளின்றிக் கிடந்த மந்து, அடுத்த பருவத்தில் நிறைந்திருக்கும்.

மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே கல்லட்டியில் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் நெருக்கியடிக்கின்றன. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு 50 கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டியபடி 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது சாலை. கேப்டன் வார்டு 1821இல் நீலகிரியை அளந்தபோது, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு முதன்முதலில் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊட்டியும் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் இதே தாளில்தான். குன்னூருக்கு இறங்குபவர்களுக்கு மட்டும் 58ஏ/15 தேவைப்படும்.