கவிழ்த்த கலம்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து மாணவர்க்குக் கற்பிப்பது என் தொழில். அத்தொழிற் பெருமிதத்தால் யான் செய்த பிழை ஒன்றை இம்மலரில் எழுதுகின்றேன்.

2014ஆம் ஆண்டில் வாப்பாவுக்கு அகவை எழுபத்திரண்டு. இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுவார். உறக்கம் கெட்டது ஒருபுறம். ஒளு நிலைப்பதில்லையே என்னும் கவலை மறுபுறம். பள்ளிவாசலுக்குச் செல்வதையே குறைத்துக்கொண்டார். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எண்ணியிருந்த வாரத்தில், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த மாமா அங்குள்ள சீன மருந்துக்கடையில் வாங்கிய பொட்டலம் ஒன்றைத் தந்தார். உள்ளே கூம்பு வடிவில், மென்மயிர் படர்ந்த சிறு உலர்காய்கள். “மருமவனே, நீதான் படிச்சவன். இது என்னன்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

பார்த்தேன். சீனத்தின் செஜியாங், அன்ஹுய், ஜியாங்சி முதலிய மாநிலங்களில் வளரும் ஒருவகை ராஸ்பெரி அது. பழுத்தால் சிவந்து இனிக்கும். மருந்துக்கோ பழுக்க விடுவதில்லை. கோடைத் தொடக்கத்தில் பச்சை நிறம் மஞ்சளாக மாறத் தொடங்கும்போதே பறித்து, கொதிநீரில் சிறிது அமிழ்த்தி உலர்த்துவர். உடலினின்று வீணே ஒழுகுவதைக் கட்டி நிறுத்தும் என்பது சீன மருத்துவரின் கொள்கை.

என்னை மயக்கியது அதன் பெயர். ‘ஃபூ பென் ட்சு’ என்பர். ‘ஃபூ’ என்றால் கவிழ்த்தல். ‘பென்’ என்றால் கலம். காய் கவிழ்த்த கலம்போல் இருப்பதால் இப்பெயர் என்பார் ஒரு சாரார். 1116ஆம் ஆண்டில் மருந்துநூல் இயற்றிய கௌ சோங்ஷி கூறும் காரணம் வேறு: இதனை உண்டவர் சிறுநீர்க் கலத்தைக் கவிழ்த்து வைத்துவிடலாமாம்! எத்துணை அழகிய காரணப்பெயர்! கூடத்தில் அமர்ந்து விரித்துரைத்தேன். வாப்பா சிரித்துவிட்டார். அன்றிரவே உம்மா கஷாயம் வைத்தார். மருத்துவரைப் பார்க்கும் எண்ணம் அப்படியே நின்றுபோயிற்று.

ஐந்தாம் மாதத்தில் ஓரிரவு சிறுநீர் அறவே இறங்கவில்லை. குழாய் இட்ட மருத்துவர், புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துள்ளது, முழுதும் வெளியேறாமையால்தான் அடிக்கடி போக நேர்ந்தது என்றார். நாங்கள் ஒழுக்கு என்று கருதியது உண்மையில் அடைப்பு. சிறுநீரகமும் சிறிது பழுதுற்றிருந்தது. சிறுநீர் குறைந்து அரிதாய் இறங்குவோர்க்கு இக்காயை எச்சரிக்கையோடு தருக என்று சீன மருத்துவமே சொல்லியிருப்பதைப் பின்னரே கண்டேன். பெயரோடு நான் படிப்பை நிறுத்தியிருந்தேன்.

சீன எழுத்தாளர் லூ சுன் 1926இல் எழுதிய நினைவுக் கட்டுரைகளை அதன்பின் படித்தேன். தம் இளமைக்காலத்து வீட்டுத் தோட்டத்தில், முள்ளுக்கு அஞ்சாதார் பறிக்கக்கூடிய ஃபூ பென் ட்சுவை ஒரு கட்டுரையில் ஆசையோடு நினைவுகூர்கிறார். அதே தொகுதியில் அவர் தந்தையின் நோயைப் பற்றிய கட்டுரையும் உண்டு. நீர் கோத்து வீங்கும் நோய்க்கு முரசின் பெயரும் வழங்கியதாம். ஆகவே கிழிந்த முரசுத் தோலில் செய்த மாத்திரை அதனை வெல்லும் என்று வைத்தியர் கொடுத்தாராம். தந்தை 1896இல் இறந்தார். அந்த வைத்தியரும் காரணப்பெயர் கற்றவரே போலும். அப்பக்கத்தைத் தாண்ட எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

வாப்பா என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளில் குழாயும் பையும் உடலோடு இருந்தன. பையைச் சற்றே உயர்த்திக் காட்டி, “கலத்தைக் கவுத்து வைக்கலாம்னியே தம்பி, கையிலேயே குடுத்து அனுப்பிட்டாங்க பாரு” என்று சிரித்தார். உம்மாவும் சிரித்தார்.