கணவாய்க் காற்றும் கேலிச்சித்திரமும்

கேலிச்சித்திரக்காரர் என்றால் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளைப் புரட்டிவிட்டு நான்கு கோடுகளை இழுத்துத் தள்ளுபவர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். நாள்முழுதும் கோப்புகளோடு மாரடிக்கும் எழுத்தர் வர்க்கத்துக்கு அவர்மீது சிறிது பொறாமையும் உண்டு. ஆயினும் அன்னாரின் வாழ்க்கை வரலாறுகளைப் பார்த்தால், பெயர்பெற்றோர் பலர் பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்தவர்களாகவே இருக்கக் காண்கின்றோம். குறிப்பாக, இத்தலைநகரத்தின் கேலிச்சித்திரக் கலையில் கேரளத்தாரின் கை ஓங்கியிருந்தது யாவரும் அறிந்ததே.

சங்கரை எடுத்துக்கொள்வோம். 1902-ஆம் ஆண்டில் காயங்குளத்தில் பிறந்து, பம்பாயில் பிழைப்புத் தேடி, 1932-இல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழுக்காகத் தில்லி வந்து சேர்ந்தவர். 1948-இல் 'சங்கர்ஸ் வீக்லி'யைத் தொடங்கினார். பிரதமர் நேருவின் அயல்நாட்டுப் பயணங்களில் உடன்சென்ற செய்தியாளர் குழுவில் இவரும் இருந்ததுண்டு. பிறர் கைக்கடிகாரமும் கம்பளிச் சட்டையும் வாங்கிவந்திருக்கலாம். இவர் வாங்கி வந்தவை பொம்மைகள். சென்ற நாடுதோறும் அவ்வந்நாட்டு உடையணிந்த பொம்மைகளைச் சேர்த்தார். அச்சேகரிப்பே வளர்ந்து 1965-இல் பொம்மை அருங்காட்சியகமாயிற்று. தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்லாதவை மிகச் சிலவாகவே இருக்கும். நம் கருத்தில், பொம்மை என்பது பகையில்லாத கேலிச்சித்திரம். ஒரு நாட்டார் தலைப்பாகையை எப்படிச் சுற்றுகின்றனர், இடுப்பில் கையை எப்படி ஊன்றுகின்றனர் என்பதை ஒரு சாண் உயரத்தில் சுருக்கிக் காட்டிவிடுகிறது. சங்கர் எதைப் பார்க்கப் பயணம் போனார் என்பதற்கு அக்கண்ணாடிப் பெட்டிகளே சான்று.

ஒற்றப்பாலத்துக் குட்டியின் கதை இன்னும் சுவையானது. சங்கரிடம் பயின்ற இவர், பின்னாளில் கல்கத்தாவின் 'ஆனந்த பஜார்' இதழில் வரைந்து வங்காளிகளின் உள்ளங் கவர்ந்தார். ஆனால் இவருக்கு வங்காளி தெரியாது! இது எங்ஙனம் இயலும் என்று வியப்பவர்கள், இந்தி அறியாமல் தில்லிக்கு வந்த தங்கள் முதலாண்டை நினைத்துப் பார்க்கட்டும். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் கோபம், மேசைமேல் கழற்றி வைத்தால் சமாதானம் என்பதை நாம் எந்த அகராதியில் கற்றோம்? சொல் விளங்காதபோது முகத்தைப் படிப்பதன்றி வேறு வழியில்லை.

எனினும், பயணம் செய்தவரெல்லாம் கலைஞராவர் என்று நாம் சொல்ல வரவில்லை. விடுமுறைதோறும் ஊர் சுற்றி, நிழற்படத் தொகுப்பும் வயிற்றுக் கோளாறும் தவிர வேறொன்றும் கொண்டுவராதவர்கள் நம் குடியிருப்பிலேயே உளர். சென்ற இடத்தில் அயலானாக இருப்பது எவர்க்கும் எளிது. திரும்பி வந்த இடத்திலும் அயலானாக நிற்க நேரும்போதுதான் கேலிச்சித்திரக்காரனின் கண் திறக்கிறது. தில்லியில் நாம் 'மதராஸி'. முதலமடையில் நாம் 'தில்லிக்காரர்'.

முதலமடை நம் சொந்த ஊர். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தென்மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஆலமரங்கள் கவிந்த அதன் சிறு புகைவண்டி நிலையத்தைத் திரைப்படங்களில் கண்டு 'எந்த ஊரோ!' என்று மகிழ்ந்த அன்பர்கள் பலர் இருக்கலாம். மீட்டர் பாதையில் வண்டி ஊர்ந்த காலத்தை நாம் அறிவோம்; 2008-இல் பாதையை மூடி, அகலப்படுத்தி, 2015-இல் மீண்டும் திறந்தார்கள். நாட்டின் பிற பகுதிகளில் மாம்பூ உதிருமுன்பே இங்கு காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். அம்மாங்காய் தில்லிச் சந்தைக்கு நமக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவதும் உண்டு. கடைத்தெருவில் தமிழில் தொடங்கிய பேச்சு மலையாளத்தில் முடியும். எங்கே மாறியது என்று பேசியவர்க்கே தெரியாது.

இவ்வூராட்சியில் ஒரு விந்தை உண்டு. மலைமேலுள்ள பறம்பிக்குளம் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் அங்கிருந்து வண்டியில் வர நல்ல சாலை தமிழ்நாட்டின் வழியேதான்: டாப்ஸ்லிப்பைக் கடந்து சேத்துமடைக்கு இறங்கி, கோவிந்தாபுரம் எல்லையில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். தன் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனுக் கொடுக்க மலைவாழ் மனிதர் அயல் மாநிலம் சென்று திரும்புகின்றார். இதைக் கேலிச்சித்திரமாக வரைந்தால் கீழே ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவரைத் தேடி அவ்வழியே வருபவருக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

சிரிப்பும் துயரும் ஒரே கோட்டில் கிடப்பதை இப்பக்கத்து மண்ணிலிருந்து கண்டவர் ஓ. வி. விஜயன். 1930-இல் பாலக்காட்டை அடுத்த விளயஞ்சாத்தனூரில் பிறந்தார். தந்தையார் மலபார் சிறப்புக் காவற்படையில் அதிகாரி. உத்தியோகத்தார் வீட்டுப் பிள்ளைக்கு ஊர் என்பது மாற்றல் உத்தரவில் அடங்கியது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே கல்வி. பிறகு கோட்டக்கல்லில் பள்ளி. மறு ஆண்டே தந்தைக்கு மாற்றலாகிக் கொடுவாயூரில் பள்ளி. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம்.

மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தைவிட்டுக் கேரளத்தோடு சேர்ந்த அதே 1956-ஆம் ஆண்டில், தம் சகோதரி ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றிய தஸ்ராக் என்னும் சிற்றூரில் தங்கினார். பனைமரமும் கணவாய்க் காற்றும் வயல்வெளியுமான ஊர் அது. அக்காலத்தில் அவர் இடதுசாரிக் கொள்கையினர்; எழுத எண்ணியதும் புரட்சிக் கதைதான். ஹங்கேரியில் நடந்தவையும், 1958-இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டதும் அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டன. அதே 1958-இல் தில்லிக்கு வந்து சங்கர்ஸ் வீக்லியில் சேர்ந்தார்; 1963-இல் 'பேட்ரியட்' நாளிதழுக்குச் சென்றார். கையில் தில்லி அரசியலை வரையும் தூரிகை, நெஞ்சில் தஸ்ராக். பல்லாண்டு திருத்தித் திருத்தி எழுதிய 'கசாக்கின் இதிகாசம்' 1969-இல் நூலாயிற்று. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் அது தமிழிலும் கிடைக்கிறது.

சில மாதத் தங்கலுக்குப் பல்லாண்டு எழுத்து என்பதை நாம் வியப்போடு நினைப்பதுண்டு. தஸ்ராக்கிலேயே இருந்திருந்தால் இந்நாவல் பிறந்திருக்காது என்பது நம் துணிபு. தில்லிக்கு வராமல் இருந்திருந்தால் அவருடைய கேலிச்சித்திரங்களில் அந்த இருளும் வந்திருக்காது. அவர் கோடுகள் மிகச் சில. அழகுக்காக ஒன்றும் இராது. படத்தைக் கண்டவுடன் சிரிப்பு எழாது. சற்று நேரங்கழித்து நெஞ்சு கனக்கும். ஊரைப் பற்றித் தேனொழுகப் பேசும் வழக்கம் புலம்பெயர்ந்தோரிடம் உண்டு. நம் சங்கக் கூட்டங்களிலேயே அதை எவ்வளவோ கேட்டிருக்கின்றோம். விஜயன் அதைச் செய்யவில்லை. இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோய் அவர் கையிலிருந்து தூரிகையைப் பறித்தது. 2005-இல் ஐதராபாத்தில் காலமானார். உடலைப் பாரதப்புழைக் கரைக்குக் கொணர்ந்தே எரியூட்டினர்.

மத்திய அரசு ஊழியர்க்குப் பணிப்பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்றொரு பதிவு உண்டு. சொந்த ஊருக்கான விடுப்புப் பயணச் சலுகை அவ்வூருக்குத்தான். அதை மாற்ற வேண்டுமானால் பணிக்காலம் முழுவதிலும் ஒரே முறை, துறைத்தலைவரின் அனுமதியோடு மாற்றலாம். நம் பதிவேட்டில் உள்ளது முதலமடை. தந்தையார் மறைந்தபின் உடன்பிறந்தார் கலந்து பேசி வீட்டை விற்றுவிட்டோம். தமையனார் கோவையில் குடியேறிவிட்டார். "இனி முதலமடையில் நமக்கு யார் இருக்கிறார்கள்? கோயமுத்தூர் என்று மாற்றிவிடுங்கள், அண்ணா அண்ணியையாவது பார்க்கலாம்" என்று இல்லத்தரசி கூறுவதில் நியாயம் இருக்கிறது. படிவமும் வாங்கி வைத்தாயிற்று.

சென்ற கோடையில் நம் மகள் ஒரு குறிப்பேட்டோடு கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினாள். பதின்மூன்று வயது, தில்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். காலணியைத் தலைக்கு வைத்துத் துயிலும் படைவீரர், எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தைப் பிள்ளைபோல் மடியில் காத்த மூதாட்டி, பெட்டியின் சங்கிலியை நொடிக்கொருமுறை இழுத்துப் பார்க்கும் ஒரு வழுக்கைத் தலையர் எனப் பலரை வரைந்தாள். கடைசியாகக் குறிப்பிட்டவர் யாமே.

முதலமடையில் மாங்காய்க் காலம் முடிந்திருந்தது. மழை தொடங்கி, மலையில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் இறங்கின. விற்ற வீட்டின் முன் சிறிது நேரம் நின்றோம். புதிய உரிமையாளர் இரும்புக் கதவு போட்டு, மதிலையும் உயர்த்தியிருந்தார். உள்ளே போகவில்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பார். மறுநாள் தஸ்ராக் சென்றோம். விஜயனின் நினைவில்லத்தையும், நாவலின் மாந்தர்களைக் கல்லில் வடித்திருப்பதையும் மகள் நெடுநேரம் பார்த்தாள். வெளியே வந்து, பனைமர நிழலில் அமர்ந்து வரைந்து காட்டினாள்: ஒரு பெரிய மதில், அதன்மேல் எட்டிப் பார்க்கும் தந்தை, அவர் கழுத்து பனைமரம்போல் நீண்டு, தலை ஓலைகளுக்கிடையில் சிக்கியிருக்கிறது, கையில் ஒரு படிவம்.

இல்லாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாமும் சிரித்தோம், ஆனால் இரவு உறக்கம் வரவில்லை.

அப்படம் இப்போது நம் அலுவலக மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. படிவம் இழுப்பறையில். அடுத்த பயணத்துக்கு இன்னும் தடித்த முனையுள்ள மைப்பேனா வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். இவ்வாரம் கரோல்பாக் போக வேண்டும்.