கடைசி வரி

அப்பாவின் மஞ்சள் பை என்னிடம்தான் இருக்கிறது. திறந்தால் இன்றும் மிளகாய்த்தூள் நெடி. ஆண்டிபட்டியில் மாவு மில் ஓட்டியவர். அவர் தொட்டதெல்லாம் அப்படித்தான் மணக்கும். உள்ளே இருக்கும் இதய ஸ்கேன் அறிக்கையும்.

2020 பிப்ரவரி. மூட்டை தூக்கினால் நெஞ்சு இறுக்குகிறது என்றார். மதுரைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேனுக்கு முன் இதயத் துடிப்பு 60-க்கு இறங்க மாத்திரை கொடுத்தார்கள், நாக்குக்கடியில் மருந்து அடித்தார்கள். ஊசி வழியே சாயம் ஏறியதும் உடம்பெல்லாம் அனல் பரவியதாம். "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று ஒரு குரல். வெளியே வந்ததும் குழந்தைபோலச் சிரித்தார். "விடுங்கன்னு சொல்ல மறந்துட்டாங்களோன்னு பயந்துட்டேம்மா."

அடைப்பு இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்வரை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் "இன்ஜின் நல்லா இருக்காம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில்தான் அறிக்கையின் கடைசி வரியைப் படித்தேன். இதயத்தைப் படம் எடுத்தால் அதை ஒட்டிய நுரையீரலும் கொஞ்சம் விழும். அங்கே, வலது பக்கம், 9 மி.மீ. முடிச்சு. 3 மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கவும். போன் செய்து கேட்டேன். இப்படித் தெரிபவை பெரும்பாலும் தீங்கில்லாதவை, பழைய காசநோய்த் தழும்பாகக்கூட இருக்கலாம், மே மாதம் வாருங்கள் என்றார்கள்.

மார்ச் 25-ல் கொரோனாவால் நாடே அடைபட்டது. மே மாதம் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டேன். மருத்துவ அவசரம், கல்யாணம், சாவு. இந்த மூன்றில் எதுவும் இல்லை எங்களிடம். மறுத்துவிட்டார்கள். ஜூனில் பஸ் ஓடியது. "கூட்டத்துல போயி நோய வாங்கிட்டு வரவா? எனக்கு எங்க வலிக்குது?" என்றார் அப்பா. நானும் வற்புறுத்தவில்லை. 24-ஆம் தேதி மதுரை மறுபடி மூடியது. செப்டம்பர் 1-ல் இ-பாஸ் நீங்க, அந்த வாரமே ஓடினோம். 9 இப்போது 17. ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். புற்று. நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் முகங்களை நான் மறக்கவில்லை. மார்பில் கட்டியை முந்தானையால் மூடி, ஐந்து மாதம் காத்திருந்துவிட்டு வந்த கம்பத்து அக்கா. கீமோ தவணை தவறிய முட்டைக்காரர். அவர் மடியில் தூங்கிய பேத்தி. தொற்றில் இறந்தவர்களைத் தினமும் எண்ணினார்கள். இவர்களை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? வலிக்காத நோய்க்கு அவசரம் என்று எந்தப் படிவத்திலும் இடமில்லை.

ஜூனின் அந்த 3 வாரங்கள் இன்னும் என் தூக்கத்தில் வரும். வழி திறந்திருந்தது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

அடுத்த கார்த்திகையில், தெருவெல்லாம் அகல் எரிந்த இரவு, மில் சத்தம் நின்ற வீட்டில் ஆக்சிஜன் சத்தம் மட்டும். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். யாரோ சொல்வதற்குக் காத்திருப்பவர் போல.

அவர் காதருகே குனிந்தேன்.

"விடுங்கப்பா."