217 பேர் கட்டிய ஊர்!

'உலகை அதிரவைத்த மோசடிகள்' என்று ஒரு லிஸ்ட் ஸ்டோரிக்காக நைட் ஷிஃப்ட்டில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மார்க்கி டி ரே சிக்கினார். பிரெஞ்சுப் பிரபு. இன்று பப்புவா நியூ கினியில் இருக்கும் நியூ அயர்லாந்து தீவில் செழிப்பான ஒரு காலனி இருப்பதாக விளம்பரம் செய்து நிலம் விற்றவர். அந்தத் தீவில் அவர் காலே வைத்ததில்லை!

வறுமையில் இருந்த வட இத்தாலி விவசாயிகள் அதை நம்பினார்கள். 1880 ஜூலையில் பார்சிலோனாவிலிருந்து 'இந்தியா' என்ற கப்பலில் சுமார் 340 பேர் கிளம்பினார்கள். போய் இறங்கிய இடத்தில் ஊரும் இல்லை, உழ நிலமும் இல்லை. அடர்ந்த காடு, விடாத மழை, காய்ச்சல், பட்டினி. கடலிலும் கரையிலும் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். மீதிப்பேர் நூமியா போய், அங்கிருந்து 1881 ஏப்ரல் 7-ம் தேதி சிட்னி வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை 217.

"மார்க்கி பேரு தலைப்புல வரட்டும்மா. ஏமாந்த கதைன்னா எல்லாரும் படிப்பாங்க" என்றார் டெஸ்க்கில் இருந்த சீனியர் அண்ணன். அவர் சொன்னது தொழில் ரீதியாகச் சரிதான். லிஸ்ட்டில் மார்க்கிக்கு எட்டு வரி கிடைத்தது. 217 பேருக்கு அதில் இடமில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஏனென்றால், கதையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சிட்னியில் அரசு அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்தது. ஆனால், 'நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் குடியேறுகிறோம்' என்று கேட்டதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. இத்தாலியர்களுக்கென்று தனி ஊர் உருவாவதில் ஹென்றி பார்க்ஸ் அரசுக்கு விருப்பமில்லை. திசைக்கொருவராக வேலைக்கு அனுப்பினார்கள். மொழி தெரியாத நாட்டில், அதுவரை கூடவே வந்தவர்களும் பக்கத்தில் இல்லை என்றால் எப்படி இருந்திருக்கும்?

அடுத்த ஆண்டே ஒவ்வொருவராகத் திரும்பச் சேர ஆரம்பித்தார்கள். நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, உட்பர்ன் அருகே, மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய காட்டு நிலம் கிடைத்தது. மரம் வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், மண்ணால் வீடு கட்டினார்கள். கரும்பு வெட்டும் சீசனில் கூலிக்குப் போனார்கள். திராட்சை போட்டு ஒயின் தயாரித்தார்கள், பட்டுப்புழுகூட வளர்த்தார்கள். சர்ச் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. ஊருக்குப் பெயர், நியூ இத்தாலி.

இன்று அந்த ஊர் இல்லை. யாரும் துரத்தவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, நல்ல நிலமும் வேலையும் தேடி வெளியே போனார்கள். பெரியவர்கள் காலமானார்கள். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. மண் வீடுகள் மழையில் கரைந்தன. உலகத்தில் பெரும்பாலான சின்ன ஊர்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் முடிகின்றன.

மோசடிக்காரர் கதை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். வழக்கு, தீர்ப்பு, பத்திரிகைச் செய்தி எனக் காகிதம் நிறைய. காட்டைத் திருத்தியவர்களுக்கு அப்படி யார் எழுதிவைப்பார்கள்? அந்த வேலையைப் பேரப்பிள்ளைகள்தான் செய்தார்கள். 1961-ல் அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. 1989-ல் மியூசியம் திறந்தார்கள். தாத்தா காலத்துக் கருவிகள், வீட்டுச் சாமான்கள், பழுப்பேறிய போட்டோக்கள் என்று பல வீட்டுப் பரண்களில் கிடந்தவை அங்கே வந்து சேர்ந்தன. பரணைச் சுத்தம் செய்யும்போது 'இது எதுக்கு?' என்று கேட்காத வீடு உண்டா? அங்கேயும் கேட்டிருப்பார்கள். தப்பித்த பொருள்கள்தான் இப்போது வரலாறு.

மியூசியம் இருப்பது பசிபிக் ஹைவே ஓரத்தில். பக்கத்திலேயே ஒரு கஃபே. பிரிஸ்பேனுக்கோ சிட்னிக்கோ போகிறவர்கள் காபி குடிக்க வண்டியை நிறுத்துகிறார்கள். காபி ஆறுவதற்குள் சும்மா எட்டிப் பார்க்கலாமே என்று உள்ளே போகிறவர்களை, போட்டோவில் இருக்கும் அந்தக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.