அண்ணாமலையில் வாடகை வீடும் அயல்நாட்டுப் பணமும்



திருவண்ணாமலையில் வெளியூர்க்காரர்களின் வாடகைக் கிராக்கி ரமணாசிரமத்தை ஒட்டி வளர்ந்தது. ஆசிரமம் 1922-இல் மலையடிவாரத்தில் உருவானது. 1934-இல் வெளிவந்த ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டனின் நூல் ரமண மகரிஷியை மேல்நாட்டாருக்கு அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டே வந்த ஆங்கிலேயர் சாட்விக் ஆசிரமத்துக்குள் குடில் கட்டித் தங்கினார். பிறகு ரமண பக்தரான ஆர்தர் ஆஸ்பர்ன் குடும்பம் ஊரில் குடியேறியது. இன்றும் கார்த்திகை தீபத்தை ஒட்டிய குளிர்மாதங்களில் ஆசிரமம் உள்ள செங்கம் சாலைப் பக்கம் வெளிநாட்டினருக்கு வீடு தேடுவோர் அதிகம். வெயில் ஏறியதும் பலர் கிளம்பிவிடுவர். வாடகைக் கணக்குப் போடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பருவ ஏற்றத்தாழ்வைத்தான்.

வாடகைக்கு விட வீட்டை யார் வாங்கலாம் என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டினர் இங்கே வீடு வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகைக்கு எடுக்கலாம். இந்தியக் குடியுரிமை இல்லாதவர் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்தியது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. 2000 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நிலைமையை மாற்றியது. இப்போது அச்சட்டத்தின் 2019 விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் தனி அனுமதியின்றி வீடோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. கிரிவலப் பாதையை ஒட்டிய மனைகளில் பல, ஒரு காலத்தில் நஞ்சையும் புஞ்சையுமாக இருந்தவை. ஆகவே பட்டாவில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்த்தே தீர வேண்டும். 2016-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பத்திரப் பதிவு செய்வதும் கடினமாகிவிட்டது. கோயில் நிலமா என்பதையும் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று கொண்டு சரிபார்க்க வேண்டும். கோயில் ஊரில் இது சம்பிரதாயத்துக்காகச் செய்யும் வேலை அன்று.

விதிகள் பணம் வரும் வழியையே கூர்ந்து கவனிக்கின்றன. கிரயத் தொகை வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும், அல்லது வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., எப்.சி.என்.ஆர்., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து போக வேண்டும். டாலர் நோட்டாகவோ பயணக் காசோலையாகவோ கொடுக்கக் கூடாது. இந்திய வங்கிகள் வீட்டுக் கடனை ரூபாயில் தருகின்றன. தவணையை அதே கணக்குகளிலிருந்தும், வீட்டு வாடகையிலிருந்தும், இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர் கணக்கிலிருந்தும் கட்டலாம். வாடகை ரூபாயில் வருவதால், ரூபாய்க் கடனே பொருத்தமானது. வெளிநாட்டில் கடன் வாங்கி இங்கே முதலீடு செய்தால், ரூபாய் மதிப்பு சரியும்போது அங்கே கட்ட வேண்டிய தவணை குறையாது. வாடகையின் மதிப்பு மட்டும் குறையும்.

கணக்கு இதுதான். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 30 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். மாத வாடகை 20,000 என்றால், வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்குக் குடித்தனக்காரர் கொடுக்கும்போதே 31.2 சதவீத வரி, அதாவது 6,240 ரூபாய், பிடித்தம் செய்ய வேண்டும். கையில் வருவது 13,760. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், 30 சதவீத நிலையான கழிவும் வட்டிக் கழிவும் போக மீதிக்கே வரி என்பதால், பிடித்ததில் பெரும்பகுதி திரும்பலாம். ஆனால் அது மாதங்கள் கழித்தே வரும். முழு வாடகையும் கைக்கு வந்தாலும் மாதம் 7,000 ரூபாய் துண்டு விழும். வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தில் தவணை முழுவதும் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வாடகையே கடனை அடைத்துவிடும் என்று தரகர் சொல்வதை இந்தக் கணக்கு மறுக்கிறது.

வெளிநாட்டினரைக் குடிவைப்பவர், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் ஊரில் இல்லாதபோது இதற்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் நம்பிக்கையான ஆள் தேவை. அவருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தை அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

மாமா,
திருவண்ணாமலை