"எனக்கு ஹீட்டர், ரீலுக்குக் குளிரா மாமா?" - கனடா பனி ஏரியில் ஒரு தூண்டில் நாள்

காரின் டேஷ்போர்டு மைனஸ் 18 டிகிரி என்று காட்டியது. அதிகாலை 5.40 மணி. டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மாமா வீட்டு வாசல். இரண்டு பேன்ட், மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேல் மாமாவின் பழைய ஜாக்கெட் என்று ஒரு மூட்டையாக நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த இரண்டு குட்டித் தூண்டில்களைப் பின் சீட்டில் வைக்கப் போனபோது மாமா சத்தம் போட்டார்.

"ஏ பிள்ள, அங்க வைக்காத! டிக்கில வை. ஹீட்டர் காத்து அது மேல படக் கூடாது."

"எனக்கு ஹீட்டர், ரீலுக்குக் குளிரா மாமா?"

"ஆமா. அது குளிர்லயே இருக்கட்டும். ஏன்னு சாயங்காலம் நீயே சொல்லுவ."

அதற்கு சாயங்காலம் வரை ஆகவில்லை. மதியத்துக்குள் புரிந்துவிட்டது, ஒரு நல்ல மீனைப் பறிகொடுத்த பிறகு.

மாமா தூத்துக்குடிக்காரர். கனடா வந்து 17 வருடம் ஆகிறது. ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். இரண்டு வார விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்த எனக்கு, "நயாகரா எல்லாரும் பாக்குறதுதான். நான் வேற ஒண்ணு காட்டுறேன்" என்றார். அவர் காட்டியது சிம்கோ ஏரி.

உறைந்த ஏரிக்கு ஒரு மணி நேரம்

ஸ்கார்பரோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம். வழியில் டிம் ஹார்ட்டன்ஸில் ஒரு 'டபுள் டபுள்' காபி. இரண்டு பங்கு க்ரீம், இரண்டு பங்கு சர்க்கரை. நம்ம ஊர் நாக்குக்குச் சரியாக இருக்கிறது. நெடுஞ்சாலை முடிந்ததும் ஜார்ஜினா நகராட்சி வருகிறது. பனித் தூண்டிலுக்குப் பேர்போன ஊர். அதன் கரையோரச் சிற்றூர்களில் ஒன்றான ஜாக்சன்ஸ் பாயின்ட்டில் இறங்கினோம்.

700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஏரி. பிப்ரவரியில் அங்கே தண்ணீரே தெரியவில்லை. வெள்ளை மைதானம் ஒன்று அடிவானம் வரை நீள்கிறது. அதன்மேல் பெட்டிக்கடைகள் போலச் சின்னச் சின்ன மரக் குடிசைகள். வாடகைக்கு எடுத்தால், ஸ்னோமொபைல் இழுக்கும் சறுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்கு ஒரு நாள் மீன்பிடி லைசென்ஸை முதல் நாளே ஆன்லைனில் எடுத்து வைத்திருந்தார் மாமா. சுற்றுலா வந்தவர்களுக்கும் அது கட்டாயம்.

வண்டியில் ஏறும் முன் மாமா கழுத்தில் ஒரு கயிறு மாட்டிக்கொண்டார். இரு முனைகளிலும் ஆணி பதித்த கைப்பிடிகள். ஐஸ் உடைந்து உள்ளே விழுந்தால், அந்த ஆணிகளை ஐஸில் குத்தி ஊர்ந்து வெளியே வர வேண்டும். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார். அதுவரை இருந்த ஜாலி மனநிலை சட்டென்று இறங்கியது.

தெளிவான, கெட்டியான ஐஸ் குறைந்தது 4 இன்ச் இருந்தால்தான் ஒருவர் நடக்கலாம். பனித்தூள் கலந்த வெள்ளை ஐஸ் அதில் பாதி பலம்தான் தாங்கும். ஒரே ஏரியில் ஓரிடத்தில் ஓர் அடி ஐஸ் இருக்கும், கொஞ்ச தூரத்தில் 3 இன்ச்சும் இருக்கும். "போன வருஷம் பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போனேன். மீன் நாளைக்கும் இருக்கும்ல?" என்றார் மாமா.

பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள்!

முதல் நாள் இரவே சமையலறை மேஜையில் பாடம் தொடங்கியிருந்தது. நியூஸ்பேப்பர் விரித்து நான்கு ரீல்களைப் பரப்பியிருந்தார். ரீல் என்பது தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ராட்டினம்தான். ஆனால், கடலுக்கும் குளத்துக்கும் ஏற்ற ரீல் பனிக்குச் சரிவராது.

பனித் தூண்டிலில் வீசி எறியும் வேலை இல்லை. ஐஸில் 8 இன்ச் அகலத்துக்குத் துளை போட்டு, நேராகக் கீழே இறக்க வேண்டியதுதான். கோலின் நீளம் இரண்டு, இரண்டரை அடி. அதனால் ரீலும் சின்னதாக, லேசாக இருக்க வேண்டும். கடைகளில் 500, 1000 என்று அளவு எண் போட்ட ஸ்பின்னிங் ரீல்கள் இதற்குப் பொருத்தம். ஆழமான இடத்தில் நரம்பை வேகமாகச் சுற்றி எடுக்க இதுதான் வசதி.

இதில் ஒரு குறை உண்டு. ஸ்பின்னிங் ரீல் நரம்பைச் சுருள் சுருளாக விடும். குளிரில் நரம்பு விறைத்து அந்தச் சுருளிலேயே நிற்கும். கீழே இரை பம்பரம் மாதிரி சுற்றும். சந்தேகப் பிராணியான பெர்ச் மீன் அதைத் தொடாது. அதற்குத்தான் 'இன்லைன்' ரீல். பட்டம் விடும் நூல் உருளை போல நரம்பை நேராக விட்டு நேராகச் சுற்றும். இரை ஆடாமல் நிற்கும். ஆனால், சுற்றுவது மெதுவாக நடக்கும். 20 அடி ஆழம் வரை இன்லைன், அதற்கு மேல் ஸ்பின்னிங். இதுதான் மாமாவின் கணக்கு.

"10 பேரிங், 12 பேரிங்னு பெட்டில போட்டிருப்பான். அத நம்பாத" என்றவர், தான் பார்ப்பவற்றைச் சொன்னார். முதலில் டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் அமைப்பு அது. எத்தனை கிலோ தாங்கும் என்பது முக்கியமில்லை. 4 பவுண்டு, 6 பவுண்டு நரம்புக்கு, மெல்லிய இழுப்பிலும் வழுக்கிக்கொண்டு விட வேண்டும். அடுத்து, கையுறையோடு பிடிக்கிற அளவுக்குக் கைப்பிடிக் குமிழ் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவது, நரம்பு சுற்றும் உருளை அகலமாக இருந்தால் சுருள் குறையும்.

நான்காவது, கைப்பிடி பின்பக்கமாகச் சுற்றாமல் தடுக்கும் பாகம். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும். (சைக்கிள் கியருக்குப் பேர்போன ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1921-ல் தொடங்கியதே ஃப்ரீவீலில்தான். இன்று ரீலுக்கும் அதே பெயர்!) இதற்குள் இருக்கும் சின்ன உருளைகளில் கெட்டி கிரீஸ் படிந்தால், குளிரில் அவை பிடிக்காமல் வழுக்கும். மீன் கடித்து நாம் சுண்டும் நேரத்தில் கைப்பிடி பின்னால் ஓடிவிடும்.

எல்லாப் பிரச்னைக்கும் வேர் கிரீஸ்தான். ஃபேக்டரியில் வைக்கும் கிரீஸ் சாதாரண வெயிலுக்கானது. மைனஸில் அது குளிர்காலத் தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகிவிடும். அதனால் மாமா ரீலைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பழைய கிரீஸைத் துடைத்தார். பற்சக்கரத்தில் குளிர் தாங்கும் சிந்தெடிக் கிரீஸை மிக மெல்லிசாகத் தடவினார். பேரிங்குக்கு லேசான ஆயில் ஒரே ஒரு சொட்டு. டிராக் வாஷர்கள் பக்கம் ஆயில் போகவே விடவில்லை.

"எல்லாம் முடிச்சு காய வச்சு, ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல போட்டுரு. காலைல கைப்பிடி லேசா சுத்துச்சுன்னா ஏரியிலயும் சுத்தும்."

வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18. மறுநாள் ஏரியிலும் அதே மைனஸ் 18. செலவே இல்லாத பரிசோதனை!

நான் செய்த தப்பு

குடிசைக்குள் கேஸ் ஹீட்டர், ஒரு பெஞ்ச், தரையில் நான்கு துளைகள். துளையின் மேல் படியும் ஐஸ் ஆடையை ஜல்லிக்கரண்டி போன்ற ஒன்றால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீட்டர் எரிவதால் காற்றுத் துவாரத்தை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. அவ்வப்போது ஐஸ் விரியும் சத்தம் தூரத்து இடி மாதிரி காலுக்கடியில் ஓடியது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. மாமா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

11 மணி வரை எதுவும் கடிக்கவில்லை. வெளியே மாமா இன்னொரு துளை போட்டிருந்தார். வெள்ளைப் பின்னணியில் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று, ஹீட்டர் பக்கத்துக் கொக்கியில் நான் மாட்டியிருந்த தூண்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அங்கே மாட்டியதுதான் தப்பு.

ரீலில் ஒட்டியிருந்த பனித்தூள் ஹீட்டர் சூட்டில் உருகி உள்ளே இறங்கியிருந்தது. வெளியே வந்த சில நிமிடங்களில் அந்த ஈரம் ஐஸானது. நான் கவனிக்கவே இல்லை. திடீரென்று கோல் வளைந்தது. அந்த வேகத்துக்கு டிராக் 'கிர்ர்' என்று நரம்பை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. கைப்பிடியைச் சுற்றப் பார்த்தேன். அசையவில்லை. 'டப்'. கோல் நிமிர்ந்துவிட்டது.

மாமா வந்து ரீலைப் பார்த்தார். திட்டவில்லை. "இப்பத் தெரியுதா, ஏன் டிக்கில வைக்கச் சொன்னேன்னு?" என்று மட்டும் கேட்டார்.

விரலே ரீல்

குடிசைக்குள் வேறு தூண்டில்கள் இருந்தன. மாமா எடுத்துத் தரவில்லை. என் நரம்பில் புது முள்ளைக் கட்டி, கையாலேயே நரம்பை உருவி இறக்கிவிட்டார். "ரீல் செத்தா தூண்டில் செத்துருமா? கடிச்சா கோலக் கீழ வச்சுட்டுக் கையால இழு" என்றார்.

காத்திருந்தபோது அவரே பேச ஆரம்பித்தார். கனடா வந்த முதல் குளிர்காலம், வேலை விட்டால் பேஸ்மென்ட், பேஸ்மென்ட் விட்டால் வேலை. சூரியனைப் பார்த்தே பல நாளாகிவிட்டதாம். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஏரிக்கு அழைத்து வந்திருக்கிறார். இருப்பதிலேயே மலிவான ரீலை வாங்கிக்கொண்டு வந்து, அதையும் ஹீட்டர் பக்கத்தில் வைத்து, என்னைப் போலவே மீனைத் தொலைத்திருக்கிறார். அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டுத் தாத்தாவிடம் புலம்பியிருக்கிறார்.

"அப்பா சிரிச்சாரு. 'ஒப்புல ஊறுன சாமான மறுநாள் தொடச்சா துருப்புடிக்கும்ல, அன்னைக்கே தொடைக்கணும். பனின்னா மட்டும் வேறயா'ன்னு கேட்டாரு. அதுலருந்து வாராவாரம் போன்ல மீன் பேச்சுதான். அவர் போனப்ப என்னால வர முடியல. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அம்மா அதை இன்றும் சொல்லி அழுவார். நான் பதில் சொல்லும் முன் நரம்பு அசைந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தேன். மீன் முரண்டு பிடித்தபோது "விடு, கொஞ்சம் விடு, இப்ப இழு" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். என் விரல்தான் டிராக். கடைசியில் துளையிலிருந்து தலையை நீட்டியது, முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி நிற ஒயிட்ஃபிஷ். என் ஆட்காட்டி விரலில் நரம்பு அழுத்திய சிவப்புக் கோடு. குளிரில் அந்த இடம் மரத்தே போயிருந்தது.

பனித் தூண்டிலுக்குப் போகிறீர்களா? மாமாவின் டிப்ஸ்

* ரீலைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். வெளியே மீன் பிடிப்பதென்றால் வெளியிலேயே இருக்கட்டும்.
* தூண்டிலைப் பனியில் படுக்க வைக்காதீர்கள். ஸ்டாண்ட் பயன்படுத்துங்கள்.
* பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி உறையும். வெளியே பிடிக்க, தண்ணீரை உறிஞ்சாத ஃப்ளூரோகார்பன் நரம்பு நல்லது.
* கோலின் வளையங்களில் ஐஸ் பிடித்தால் உடைக்காதீர்கள். நுனியை மட்டும் துளைத் தண்ணீரில் முக்குங்கள், கரைந்துவிடும். ரீல் நனையக் கூடாது.
* இரையை இறக்கும் முன் டிராக்கைக் கையால் சில முறை இழுத்துப் பாருங்கள்.
* உறைந்த ரீலைச் சூடுகாட்டிச் சரிசெய்தால், முழுசாகக் காய்ந்த பிறகே வெளியே எடுங்கள்.
* ஐஸின் கனம் தெரியாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள்.

மேஜையில் மறுபடியும்

அன்று இரவு மறுபடியும் அதே மேஜை, அதே நியூஸ்பேப்பர். அத்தை மீனுக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுச் செய்யலாமே என்றேன். மாமா கேட்கவில்லை. ரீல்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, நரம்பு உருளையைத் தனியாகக் கழற்றி, துணியால் துடைத்தார். டிராக்கைத் தளர்த்திவிட்டார், இறுக்கியே வைத்தால் வாஷர்கள் அமுங்கிப்போகும். மூடிய பெட்டியில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும் என்பதால், ராத்திரி முழுக்கத் திறந்தே காய வேண்டும். நான் கெடுத்த ரீலை என்னிடமே தள்ளினார். இந்த முறை நானே கழற்றினேன். உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர்தான் இருந்தது. அவ்வளவுதான். ஒரு மீனைத் தொலைக்க அது போதும்.

வீடியோ காலில் அம்மா வந்தார். மீனைக் காட்டினேன். கையைக் காட்டச் சொன்னார். விரலில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கும் அந்த விரல்லதான் இருக்கும்" என்றார். மாமா தலை நிமிராமல் ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை கூப்பிட்டார். மீன் பொரிந்துவிட்டது.